பி நெகடிவ் பட்டியலும் பெரிய கம்பெனியின் பெயரும்

கம்ப்யூட்டர் விற்பனைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு மெஷினைப் பற்றிச் சொல்லித்தர என்னிடம் ஒன்றுமில்லை. நாங்கள் விற்றதை இன்று உங்கள் மேசைமேல் வைத்தால் சிரிப்பீர்கள். அதை வாங்க வந்த மனிதர்களைப் பற்றி மட்டும்தான் எனக்குக் கொஞ்சம் தெரியும். அவர்களில் ஒருவரிடம் நான் சொல்லாமல் விட்ட இரண்டு வார்த்தைகளைப் பற்றி உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

எண்பதுகளின் நடுவில் மதுரை டவுன் ஹால் ரோட்டில் ஒரு ஷோரூமில் வேலை பார்த்தேன். இரண்டு கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களை விற்றோம். ஒன்று ஊரறிந்த பெரிய கம்பெனி. வாரப் பத்திரிகைகளின் பின்னட்டையில் அதன் விளம்பரம் கலரில் வரும். கோட்டுப் போட்ட ஒருவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார், மேசையில் மெஷின், கீழே ‘கவலையை எங்களிடம் விட்டுவிடுங்கள்’ என்று ஒரு வரி. பெரியார் பஸ் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் அதே ஆள் அதே சிரிப்போடு கட்டடத்து உச்சியில் பெரிய போர்டில் உட்கார்ந்திருப்பார். டிவியிலும் வருவார். இன்னொன்று கோயம்புத்தூர்ப் பக்கம் நாலைந்து இன்ஜினியர்கள் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி. அதன் பெயரை யாரும் கேள்விப்பட்டதில்லை. மெஷின் என்னவோ நன்றாகத்தான் ஓடியது. அதைப் பழுது பார்க்கிறவர் சிம்மக்கல்லில் குடியிருந்தார். கூப்பிட்டால் சைக்கிளில் வந்துவிடுவார். பெரிய கம்பெனியின் இன்ஜினியர் மெட்ராசிலிருந்து ரயிலேறி வரவேண்டும்.

இந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். தெரிந்தும் பெரிய கம்பெனியைத்தான் விற்றேன். அது தானாக விற்றது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அப்போது யாரிடமும் சொன்னதில்லை. சமயநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். ஓர் ஆபீசுக்குள் போய் என் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி, “எந்த ஊரு? ஊருக்குள்ள எந்தப் பக்கம்?” என்று வரும். கம்பெனியின் பெயரைச் சொன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு, “காப்பி சாப்பிடுறீங்களா சார்?” என்பார்கள். ஒரு பெயருக்குப் பின்னால் ஒதுங்கி நிற்பதில் எவ்வளவு நிம்மதி என்று, வெயிலில் நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

அரசரடிப் பக்கம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. பன்னிரண்டு படுக்கை. நடத்திய டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். ரத்தம் கிடைக்கத் தாமதமாகி ஒன்றிரண்டு பேரைக் கண்முன்னால் பறிகொடுத்தவர். அதனால் ரத்தம் கொடுக்க முன்வருகிறவர்களின் பெயர், முகவரி, குரூப், கடைசியாகக் கொடுத்த தேதி எல்லாவற்றையும் அட்டை அட்டையாக எழுதி ஒரு மர இழுப்பறையில் சேர்த்து வைத்திருந்தார். அட்டைகளைக் கவனித்துக்கொண்டது வரவேற்பு மேசையில் இருந்த ஓர் அக்கா. நாற்பது வயது, அதிகம் பேசமாட்டார்.

அந்த அட்டைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றலாமா என்று கேட்கத்தான் டாக்டரம்மா கூப்பிட்டிருந்தார். நான் போனபோது மேசைமேல் வாரப் பத்திரிகை கவிழ்ந்து கிடந்தது. பின்னட்டையில் நம் கோட்டுக்காரர்.

“ரெண்டு கம்பெனி மெஷின் வச்சிருக்கீங்களாமே?” என்றார்.

“இருக்கு டாக்டர். இன்னொண்ணு கோயம்புத்தூர்க் கம்பெனி, பேரு நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. இது…” என்று சொல்லி, பத்திரிகையின் பின்னட்டையை விரலால் தொட்டேன். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

“இவங்கதான டிவிலயும் வாராங்க. இதையே குடுத்திருங்க” என்றார் அவர். புடவை எடுக்கப் போனால்கூட இரண்டு கடை ஏறி இறங்குகிற மனுஷி. இதில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கேள்வி கேட்டது அந்த அக்காதான். “தம்பி, இது நின்னு போச்சுன்னா என்ன செய்றது?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் சரியான பதில் இருந்தது. வாரம் ஒரு தடவை பிரிண்டரில் காகித நகல் எடுத்து வைக்கணும். அட்டையைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. இவ்வளவுதான். ஆனால் அதைச் சொன்னால், ‘அப்படின்னா கெட்டுப் போகுமா?’ என்று அடுத்த கேள்வி வரும். அந்தப் பெயரில் ஒரு கீறல் விழும். அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிற எனக்கும் விழும். நான் சிரித்தபடி விளம்பரத்து வரியைக் காட்டி, “கவலைய அவங்ககிட்ட விட்ருங்கக்கா” என்றேன். டாக்டரம்மாவும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

இரண்டு வாரம் உட்கார்ந்து அத்தனை பெயரையும் அக்காவே தட்டி ஒரு ஃப்ளாப்பியில் ஏற்றினார். அந்தக் கால மெஷினில் பட்டியல் தங்குவது உள்ளே செருகுகிற அந்தத் தகட்டில்தான். முடிந்ததும், “அட்டைய என்ன தம்பி செய்ய?” என்று கேட்டார். பிரிண்டர் காகிதம் வைக்க இழுப்பறை தேவைப்பட்டது. “இனி அது எதுக்குக்கா?” என்றேன். அட்டைகள் பழைய பேப்பர் கடைக்குப் போயின.

நாலு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

ஒரு புதன்கிழமை பதினொன்றரை மணிக்கு ஷோரூமுக்குப் போன் வந்தது. அக்காதான். “தம்பி, ஒடனே வாங்க. மெஷினு ஃப்ளாப்பியப் படிக்க மாட்டேங்குது. உள்ள ஒரு பிள்ளைக்கு ரத்தம் போய்க்கிட்டே இருக்கு.”

ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஒரு மனிதன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். வண்டியூரில் தெப்பக்குளத்துக்கு அருகே சைக்கிள் கடை வைத்திருப்பவன். அவன் மனைவிக்குக் காலையில் பெண் குழந்தை பிறந்திருந்தது. குழந்தை நன்றாக இருந்தது. தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. குரூப் பி நெகடிவ். நூறு பேரைக் கூட்டினாலும் அதில் ஒன்றிரண்டு பேரிடம்தான் அந்த ரத்தம் இருக்கும். வீட்டு ஆட்கள் ஒருவருக்கும் பொருந்தவில்லை. பெரியாஸ்பத்திரியில் ஒரு பாட்டில் கிடைத்து, அது ஏறிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா கையுறையோடு கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். “தம்பி, எனக்கு இன்னும் ரெண்டு பாட்டில் வேணும். மூணு மணிக்கு மேல நான் எதுவும் சொல்ல முடியாது” என்றார். கதவு மூடிக்கொண்டது.

நான் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். ஃப்ளாப்பியைப் போட்டால் உள்ளே கரகரவென்று ஒரு சத்தம். பிறகு, படிக்க முடியவில்லை என்று திரையில் ஒரு வரி. எடுத்துத் துடைத்துப் போட்டேன், அதே வரி. அணைத்து ஏற்றினேன், அதே வரி. எங்கள் ஷோரூமில் இருந்த அதே மாதிரி மெஷின் அந்த வாரம் திருநெல்வேலிக்குக் கண்காட்சிக்குப் போயிருந்தது. கோயம்புத்தூர் மெஷினில் இந்த ஃப்ளாப்பி ஓடாது. மெட்ராசுக்கு டிரங்க் கால் போட்டேன். இருபது நிமிடம் கழித்து லைன் கிடைத்தது. இன்ஜினியர் மரியாதையாகத்தான் பேசினார். “நீங்க எதையும் கழட்டாதீங்க சார். ராத்திரி வண்டியில ஏறி நாளைக்குக் காலையில வந்துடறேன்” என்றார்.

நாளைக்கு.

போனை வைத்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? மறுபடியும் மெஷின் முன்னாலேயே போய் உட்கார்ந்தேன். போட்டேன், எடுத்தேன், போட்டேன். விரல்கள் வியர்த்து ஃப்ளாப்பி வழுக்கியது. ‘எம்புட்டுப் பெரிய கம்பெனி, இது எப்படிக் கெட்டுப் போகும்?’ என்று மனசுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. ஊரையெல்லாம் நம்பவைத்த எனக்கு அதை நம்பாமல் இருக்கத் தெரியவில்லை. வாசலில் நின்றவன் நிமிடத்துக்கு ஒரு தடவை உள்ளே வந்து என் முதுகுக்குப் பின்னால் நிற்பான்.  அவன் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். நான் திரும்பவில்லை. திரும்பினால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

மணி ஒன்றேகால் ஆகியிருந்தது. அக்கா வந்து என் கையிலிருந்த ஃப்ளாப்பியை வாங்கி மேசைமேல் வைத்தார்.

“தம்பி, அத விடுங்க. அது வராது. அம்புட்டுப் பேரையும் நாந்தான அடிச்சேன்? ரெண்டு மூணாவது எனக்கு நெனப்பு வரும். நீங்க எழுதுங்க.”

ஒன்றரை மணி நேரத்தை நான் ஒரு திரையைப் பார்த்து வீணாக்கியிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. “கோச்சடையில ஒரு வாத்தியாரு, பிள்ளையார் கோவிலுக்குப் பின்னாடி… அப்பறம் பேங்குல ஒருத்தரு, அவரு மாத்தலாயிப் போயிட்டாரு… சமயநல்லூர்ல மெயின் ரோட்டு மேலயே மோட்டார் ரிப்பேர்க் கடை, தங்கவேலுன்னு பேரு. அதுக்கு மேல வரமாட்டேங்குது தம்பி.” கண்ணைத் திறந்தபோது நீர் நின்றது. “அட்டை இருந்தா கை தானாப் போயிருக்கும்.” அவர் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அதனால்தான் அது அத்தனை ஆழமாகக் குத்தியது.

வாத்தியார் வீட்டில்தான் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் வாடிவிட்டது. “போன மாசந்தான தம்பி குடுத்தேன்? இப்ப எடுக்க மாட்டாங்களே” என்றார். வேறு யாரையும் அவருக்குத் தெரியவில்லை. ஸ்கூட்டரைத் திருப்பினேன்.

சமயநல்லூர் போகிற வழியில் அடித்த வெயில் இன்றும் என் முதுகில் இருக்கிறது. தங்கவேல் என்ற பெயரைக் கேட்டபோதே ஆள் யாரென்று எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கடை எனக்குத் தெரியும். கடைக்காரரின் குடும்பத்து வயலில்தான் என் அம்மா வருஷக்கணக்காக நாற்று நட்டாள். எங்கள் ஆட்கள் அவர்கள் வீட்டுக்குள் போனதில்லை. கொல்லைப்புறம் நின்று கூப்பிடுவோம். நான் மதுரைக்கு வந்தபிறகு அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறேன். இப்போது போய் அவரிடம் ரத்தம் கேட்க வேண்டும். மறுத்தால்? யார் எவர் என்று விசாரித்துக்கொண்டே நேரம் போனால்?

அவர் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். பழக்கதோஷம், நான் சட்டைப்பையிலிருந்து கம்பெனி அட்டையை எடுத்து நீட்டினேன். பெரிய கம்பெனியின் பெயர் பொன்னிற எழுத்தில் மின்னும் அட்டை. அவர் கிரீஸ் கையோடு அதைப் பார்த்துவிட்டு, “எனக்கு ஒண்ணும் வேணாம்ப்பா. வேலையா இருக்கேன்” என்று குனிந்துகொண்டார்.

எதையோ விற்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

 அட்டையைப் பைக்குள் போட்டேன். “அண்ணே, நான் விக்க வரல. நான் மாயாண்டி மகன். உங்க கெணத்து வயல்ல நாத்து நடுமே இருளாயி, அதுக்கு மூத்த பிள்ளை. அரசரடி ஆஸ்பத்திரியில ஒரு பொம்பளப்பிள்ளை சாகக் கெடக்குது. ஒங்க ரத்தம் வேணும்ணே.”

அவர் நிமிர்ந்து என்னை ஒரு நிமிடம் பார்த்தார். 

“இருளாயி மகனா? இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?” எழுந்து மண்ணெண்ணெயில் கையைக் கழுவினார். “எத்தன பாட்டிலு வேணும்?”

“ரெண்டுண்ணே.”

“என் தம்பிக்கும் அதே குரூப்புதான். ஏலே, சட்டையப் போட்டுட்டு வாடா” என்று உள்ளே குரல் கொடுத்தார். அவர்கள் இருவரும் புல்லட்டில் முன்னால் போக, நான் பின்னால் போனேன். யாருக்கு, என்ன ஆட்கள் என்று வழியெல்லாம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இரண்டே முக்காலுக்கு உள்ளே நுழைந்தோம். அதன்பிறகு கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தது எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. சைக்கிள் கடைக்காரன் தரையில் குந்தி இரண்டு கையாலும் தலையைப் பிடித்திருந்தான். உள்ளே யாராவது வேகமாக நடந்தால் இருவருக்கும் உடம்பு தூக்கிப்போடும். அவனிடம் ‘இது என்னால்தான்’ என்று சொல்லிவிட வேண்டும் என்று பலமுறை வாயெடுத்தேன். வரவில்லை. வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது டாக்டரம்மா வந்து சுவரில் சாய்ந்து நின்றார். “நின்னுருச்சு. பொழச்சுக்குவா” என்றார். அவன் கதறி அழுதான்.

மறுநாள் காலை மெட்ராஸ் இன்ஜினியர் வந்து ஒரு பாகத்தை மாற்றினார். அதே ஃப்ளாப்பியைப் போட்டார். பட்டியல் ஓர் எழுத்து குறையாமல் திரையில் வந்து நின்றது. பி நெகடிவ் ஏழு பேர். மூன்றாவது பெயரின் முகவரி ஆஸ்பத்திரிக்குப் பின்தெரு. நடந்தால் ஐந்து நிமிடம். அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். 

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு விபத்துக் கதை. இதற்குப் பிறகு நடந்ததுதான் உங்கள் தொழிலுக்கு வேண்டியது.

பத்து நாள் கழித்து அந்தச் சைக்கிள் கடைக்காரன் தேங்காய் பழத்தட்டோடு ஷோரூமுக்கு வந்தான். மெஷின் முன்னால் தட்டை வைத்து, கையெடுத்துக் கும்பிட்டான். “ஒங்க கம்ப்யூட்டருதான் சார் என் பொண்டாட்டியக் காப்பாத்துச்சு. ஆள் இருக்குற எடத்தக் கண்டுபிடிச்சுக் குடுத்துருச்சே! டிவில காட்டுற கம்பெனின்னா சும்மாவா?” என்றான். நான் ஒன்றரை மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்ததை அவன் பார்த்தான். பிறகு ஆட்கள் வந்ததையும் பார்த்தான். நடுவில் நடந்ததை கம்பெனியின் பெயரே அவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது.

முதலாளி கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்துவிட்டார். அன்றே உள்ளூர்ப் பத்திரிகைக்கு விளம்பரம் தயாரானது: ‘ஓர் உயிரைக் காத்த கம்ப்யூட்டர்.’ நடந்தது வேறு என்று நான் மென்று விழுங்கிச் சொன்னேன். “புருசன்காரனே சொல்றான், நீ என்னய்யா குறுக்க விழுகுற? டாக்டரம்மாகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வா” என்றார். வேலை போனால் வீட்டில் அடுத்த மாதம் என்ன என்று தெரியாத காலம். விளம்பரத் தாளை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டரம்மா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “இதுல கையெழுத்துப் போடச் சொல்லி நீயே கேக்குறியா?”

“அட்டைய வச்சுக்கங்க, நகல் எடுங்கன்னு ரெண்டே வார்த்தை நான் சொல்லியிருக்கணும் டாக்டர். தெரிஞ்சே சொல்லல” என்றேன்.  வெளியே தள்ளுவார் என்று நினைத்தேன்.

அவர் தாளை மறுபடி ஒரு தடவை படித்தார். பிறகு, “புது மருந்து ஒண்ணு வந்தா பத்துப் பேர விசாரிச்சுட்டுத்தான் எழுதுவேன். இத ஒரு அட்டைப் படத்தப் பாத்து வாங்கிட்டேன். ஒன்ன மட்டும் என்னன்னு திட்ட?” என்றார். தாளை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். “அக்காகிட்ட இன்னைக்கே நகல் எடுக்கக் கத்துக்குடு. புது அட்டையும் நீயே உக்காந்து எழுது.” மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினேன்.

ஆஸ்பத்திரியின் பெயர் இல்லாமலே விளம்பரம் வந்தது. அடுத்த திங்கள்கிழமை திருமங்கலத்திலிருந்து ஒருவர் வந்தார். ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறவர். விளம்பரத்தை வெட்டி நாலாக மடித்துக் கொண்டுவந்திருந்தார். கண்ணாடி அறைக் கதவு திறந்திருந்தது. முதலாளி கேட்கும் தூரத்தில்தான் இருந்தார்.

 ஆனாலும் சொன்னேன். மெஷின் நின்றதையும், அட்டைகளை எடைக்குப் போட்டதையும், அக்கா கண்ணை மூடிக்கொண்டு பெயர்களைத் தேடியதையும், மறுநாள் ஏழு பெயர் வந்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன். கோயம்புத்தூர் மெஷினைப் பழுது பார்க்கிறவர் சிம்மக்கல்லிலேயே இருக்கிறார் என்பதையும் சொன்னேன். கண்ணாடி அறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. முதலாளி வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தார். வந்தவர் முன்னால் என்னை அதட்ட முடியாது.

வந்தவர் பொறுமையாகக் கேட்டார். இடையிடையே ‘அடடா’ என்றார். நான் முடித்ததும் விளம்பரத்தை மேசைமேல் வைத்து உள்ளங்கையால் நீவி விட்டார்.

“அம்புட்டும் சரி தம்பி. ஆனா கம்பெனி நல்ல கம்பெனிதான?”

 நான் சொன்ன அத்தனையும் அவர் காதில் விழுந்திருந்தது. எதுவும் அவரை அசைக்கவில்லை. ஆர்டர் புத்தகத்தை எடுங்கள் என்று அவரே கை காட்டினார்.

புத்தகத்தை எடுக்கவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினேன்.

“ஐயா, உங்க ரிஜிஸ்தர், சீட்டு எல்லாம் எங்க வச்சிருக்கீங்க? மெஷின் வந்தாலும் அதத் தூக்கிப் போடக் கூடாது. மொதல்ல அத நான் பாக்கணும். வாங்க, போவோம்” என்று எழுந்தேன். திருமங்கலம் பஸ்ஸில் இருவருக்கும் நான்தான் டிக்கெட் எடுத்தேன்.